படம் ஓடுது, ஆனா ஒட்டல: குறும்படக் கோளாறுகளுக்குக் கைவைத்தியம்

தருமபுரி பென்னாகரம் ரோட்டில் ஒரு மாடி அறையில் எடிட்டிங் செய்து பிழைக்கிறேன். சோறு போடுவது கல்யாண வீடியோ. பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பிள்ளைகள் ஹார்டு டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, படம் முடிஞ்சிடுச்சுண்ணா. கலர் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

கலர் மட்டும் என்று வந்த படத்தில் கோளாறு கலரில் இருந்து நான் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் சத்தத்தில் இருக்கும். இல்லையென்றால் கேமராவை நிறுத்திய இடத்தில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் எழுதும்போதே இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற குறையை வைத்து அது எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போவதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் படத்தில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. படத்தை முதலில் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு திரையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, காதால் மட்டும் கேளுங்கள். சத்தமில்லாமல் பார்க்கும்போது யாருக்கு என்ன வேண்டும் என்பது புரியவில்லை என்றால் ஷாட் கோளாறு. கண்ணை மூடியதும் எரிச்சல் வருகிறது என்றால் சவுண்டு கோளாறு. இரண்டிலும் தேறிவிட்டு, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் கொட்டாவி வந்தால் எடிட். படம் எடுக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. எனக்குக் கீழ்க்கடை டீ மாஸ்டர் இருக்கிறார். அவர் போனை எடுத்த இடத்தையெல்லாம் குறித்துக்கொள்வேன்.

"குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குண்ணா"

மைக் தூரத்தில் இருக்கிறது. காரணம் இவ்வளவுதான். கேமரா 8 அடி தள்ளி நிற்கிறது, மைக் கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. படத்தில் முகம் பக்கத்தில் தெரிவது லென்ஸின் வேலை. மைக்குக்கு ஜூம் கிடையாது. அது 8 அடி தள்ளியிருந்தே கேட்கிறது. பேசுகிறவர் குரலோடு சுவரில் பட்டுத் திரும்புகிற குரலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிறது.

தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 8 அடியை 2 அடியாக்கினால் 12. எந்த மென்பொருளின் இரைச்சல் நீக்கியும் இதைத் தராது. பூம் கம்பு இல்லையா? ஒட்டடைக் குச்சியின் நுனியில் மைக்கைக் கட்டி, ஃபிரேமுக்கு ஒரு விரல் மேலே பிடித்துக்கொள்ள ஒரு நண்பர் போதும். அதுவும் முடியாதென்றால் இன்னொரு போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, நடிப்பவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமரா பார்க்க ஒரு கைத்தட்டல். எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அறை. புதிதாகக் கட்டிய வீடுகளில் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, வெறும் சுவர். பேசினால் குரல் நான்கு பக்கமும் மோதித் திரும்பும். சாமான் நிறைந்த பழைய வீட்டில் இவ்வளவு எதிரொலி வராது. ஃபிரேமில் தெரியாத பக்கமெல்லாம் போர்வையையும் மெத்தையையும் தொங்க விடுங்கள். தரையில் ஒரு ஜமக்காளம்.

ஃபேனை அணைப்பது எல்லோருக்கும் தெரியும். ஃபிரிட்ஜை மறப்பார்கள். அதன் உறுமல் அறையில் நிற்கும்போது காதுக்குத் தெரியாது, எடிட்டில் ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது. அணைத்துவிட்டு உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஷூட்டிங் முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது சாவியைத் தேடுவீர்கள், அப்போது மறுபடி போட்டுவிட்டு வரலாம். படப்பிடிப்புக்கு வீடு கொடுத்த பெரியம்மாவின் இட்லி மாவைக் கெடுத்துவிட்டு அடுத்த நாள் போய் நிற்க முடியாது.

கிளம்பும் முன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவில் வெட்டுகிற இடங்களை நிரப்ப அதுதான் உதவும். இதைச் செய்கிற மாணவர் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது என் அனுபவம்.

குரல் கிழிந்து வருகிறது என்றால் அளவு அதிகமாக வைத்துவிட்டீர்கள். கத்துகிற வசனத்தை ஒத்திகையிலேயே கத்தச் சொல்லி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி வையுங்கள். குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம். கிழிந்தது கிழிந்ததுதான்.

"டப்பிங்ல பாத்துக்கலாம்ணா" என்பார்கள். பயிற்சி பெற்ற நடிகர் என்றால் சரி. உங்கள் படத்தில் நடிப்பது பாப்பாரப்பட்டியில் இருக்கிற உங்கள் மாமா. அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோது வந்த குரல், என் அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலாக மாறிவிடும். லைவ் சவுண்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழியுங்கள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிற மாதிரியே இல்ல"

அதிகம் பார்க்கிற கோளாறு இது. மாணவர்கள் இதை நடிப்புக் கோளாறு என்றே நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு படம். பாலக்கோடு பக்கம் தோட்டத்து வீடு, வாசலில் கயிற்றுக் கட்டில். அண்ணன் இடது ஓரம், தம்பி வலது ஓரம். தக்காளிக்கு விலை இல்லை, பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறவில்லை, நிலத்தைக் கொடுத்துவிடலாமா என்று பேச்சு. கேமரா வாசல் பக்கம் நிற்கிறது. அங்கிருந்து முகத்தை மட்டும் நெருக்கி எடுத்த க்ளோஸில் அண்ணன் திரைக்கு வலப்பக்கம் பார்க்கிறார், தம்பி இடப்பக்கம் பார்க்கிறார். இரண்டையும் ஒட்டினால் பார்வைகள் சந்திக்கின்றன. இதுவரைக்கும் சரி.

பிறகு இயக்குநர் தம்பிக்கு ஓர் ஆசை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனால் பின்னணியில் வாசலும் பழைய வண்டிச் சக்கரமும் கிடைக்கும். அழகுதான். தம்பியின் க்ளோஸை மட்டும் அங்கே போய் எடுத்துவிட்டார். இப்போது திரையில் தம்பியும் வலப்பக்கம் பார்க்கிறார். அண்ணனும் வலப்பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து, ஃபிரேமுக்கு வெளியே நிற்கிற மூன்றாவது ஆள் ஒருவரிடம் பேசுவதுபோல் இருக்கிறது. நிலத்தை வாங்க வந்த புரோக்கரோ என்று டீ மாஸ்டர் கேட்டார்!

பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இமேஜினரி லைன் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதுதான். முதல் ஷாட்டில் கயிற்றுக்கு எந்தப் பக்கம் நின்றீர்களோ, காட்சி முடிகிறவரை அந்தப் பக்கத்தின் அரைவட்டத்துக்குள்தான் கேமரா. நான் முதல் முறை வருகிற பிள்ளைகளை உண்மையிலேயே சணல் கயிறு கட்டச் சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் வெயிலில், பசியில், மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிற நேரத்தில் கற்பனைக் கோடு ஞாபகம் இருக்காது, காலில் தட்டுகிற கயிறு இருக்கும்.

வண்டிச் சக்கரம் வேண்டவே வேண்டும் என்றால் கோட்டைத் தாண்ட வழி உண்டு. தாண்டுவதைப் பார்வையாளருக்குக் காட்டிவிட்டுத் தாண்ட வேண்டும். வெட்டாமல் கேமராவே அந்தப் பக்கம் நகரலாம். அல்லது அண்ணன் எழுந்து தம்பிக்குப் பின்னால் போய்ச் சொம்பில் தண்ணீர் குடிக்கட்டும். ஆள் இடம் மாறினால் கோடும் புதிதாகப் பிறக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது. நிலத்தை விற்கிற பேச்சில் ஒருவன் எழுந்து முதுகைக் காட்டுவது கதைக்கும் உதவும்.

எடுத்து முடித்துவிட்டு வந்தவர்களுக்கு: தவறான க்ளோஸை இடவலமாகத் திருப்பிப் போடலாம். போடுவதற்கு முன் சட்டைப் பொத்தான், தலை வகிடு, கைக்கடிகாரம், சுவரில் இருக்கிற எழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். பெண் நடிகர் என்றால் முந்தானை இடது தோளில் இருந்து வலது தோளுக்குப் போய்விடும், எந்தப் பாட்டியும் அரை விநாடியில் கண்டுபிடித்துவிடுவார். திருப்ப முடியாவிட்டால் நடுவில் ஒரு கட் ஷாட் வைத்துப் பார்வையை ஒரு கணம் கழற்றிவிடுங்கள்: தக்காளிக் கூடை, கட்டிலின் அடியில் படுத்திருக்கிற நாய், கயிற்றை நோண்டுகிற விரல். அதற்குப் பிறகு வருகிற முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் உறுத்தல் குறையும். இதனால்தான் எந்தக் காட்சியை எடுத்தாலும் முகம் இல்லாத மூன்று ஷாட்டுகளையாவது எடுத்து வாருங்கள் என்று அடித்துக்கொள்கிறேன்.

இதே கோளாறு பயணக் காட்சிகளிலும் வரும். பையன் வேலை தேடி ஓசூர் போகிறான். பஸ் இடமிருந்து வலமாகப் போகிறது. அடுத்த ஷாட்டில் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று எடுத்துவிட்டீர்கள், பஸ் வலமிருந்து இடமாக வருகிறது. அவன் திரும்பி ஊருக்கு வருகிறான் என்றுதான் மனசு படிக்கும். தொப்பூர் கணவாயில் லாரிகளை எடுக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வளைவில் நின்றால் ஒரே வண்டி இரண்டு திசையிலும் போகும். கூடவே இன்னொன்று: அந்த இறக்கத்தில் ரோட்டோரமாக ட்ரைபாடு போட்டு நிற்காதீர்கள். விபத்துக்குப் பேர் போன இடம் அது.

"முகம் கரியா இருக்கு, வானம் வெள்ளையா எரியுது"

ஆட்டோ முறையில் விட்டால் கேமரா மொத்த ஃபிரேமையும் சராசரியாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை முடிவு செய்யும். பின்னால் வானமோ சுண்ணாம்பு அடித்த சுவரோ இருந்தால் முகத்தைக் காவு கொடுத்துவிடும். போன் என்றால் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். முகத்துக்கு வெளிச்சம் சரியாக இருக்கட்டும், வானம் எரிந்தால் ஆங்கிளை மாற்றி வானத்தைக் குறையுங்கள்.

ஆனால் பாதிக் குறை கடிகாரத்தில் இருக்கிறது. தருமபுரி சுமார் 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தை ஒட்டியும் உச்சிப் பொழுதில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். கண் குழியில் இருட்டு, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல். பத்தரையிலிருந்து மூன்றரை வரை வெளியே க்ளோஸ் எடுக்காதீர்கள். அந்த நேரத்தை வீட்டுக்குள் எடுக்கிற காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை மஞ்சள் வெயிலை நம்பிக் கெடுகிறவர்கள் வேறு ரகம். குளிர் நாட்டு வீடியோக்களில் அந்த வெளிச்சம் ஒரு மணி நேரம் நிற்கும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. நல்ல மஞ்சள் வெளிச்சம் 25 நிமிடம் கிடைத்தால் பெரிது. டீ சொல்லிவிட்டு வந்தால் போய்விடும். அதற்கென்று இரண்டே ஷாட் திட்டமிட்டு, ஐந்து மணிக்கே ஒத்திகையை முடித்துவிடுங்கள்.

தெர்மாகோல் ஷீட் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்க, நிழல் விழுகிற பக்கத்தில், முக உயரத்தில் அதைப் பிடிக்க வேண்டும். தரையில் வைத்து மேலே அடித்தால் பேய்ப் படம். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பில் எடுக்கிறவர்களுக்கு இரட்டைத் தொல்லை: இலை இடுக்கில் விழுகிற வெயில் முகத்தில் பொட்டுப் பொட்டாக எரியும், இலையில் பட்டு வருகிற வெளிச்சம் முகத்தைப் பச்சையாக்கும். தோப்பின் நடுவில் நிற்காமல் நிழல் முடிகிற ஓரத்துக்கு வந்து, திறந்த வானத்தைப் பார்த்தபடி நடிகரை நிறுத்துங்கள். இரண்டும் ஒருசேரத் தீரும்.

சொல்லிவிட வேண்டிய ஒன்று. முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். கறுத்த தோல் பக்கவாட்டு வெளிச்சத்தில் மின்னுகிற அழகு பவுடரில் வராது. வியர்வையைத் துணியால் ஒற்றினாலே போதும்.

"ஒவ்வொரு கட்டுக்கும் கலர் மாறுது"

ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்கிற கணக்கு, ஆட்டோவில் இருந்திருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். ஜன்னல் வெயில் சுமார் 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு 3000க்குப் பக்கம், கடையில் வாங்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 6500. மூன்றையும் ஒரே அறையில் எரியவிட்டால் கேமரா குழம்பித்தான் போகும். ஏதாவது ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மற்றதை அணையுங்கள், அதற்கேற்ற எண்ணைக் கையால் வைத்துப் பூட்டுங்கள். கலப்பு வெளிச்சத்தில் எடுத்துக் கொண்டுவந்தால் என்னால் ஒரு கன்னத்தைத்தான் சரிசெய்ய முடியும், மற்ற கன்னம் நீலமாகவே இருக்கும்.

"படத்துல பட்டை பட்டையா ஓடுது"

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்குகிற நேரம், இதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை ஓடும். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்து ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடிக்கு வையுங்கள். போனைப் பெட்டியில் இருந்து எடுத்தபடியே 30 ஃபிரேமில், அறுபதில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். அதுதான் விஷயம். திருவிழா சீரியல் செட்டும் மலிவான எல்இடியும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, எடுப்பதற்கு முன் பத்து விநாடி சோதனை ஷாட் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். எடுத்துவிட்ட பட்டையை முழுசாக நீக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

"நடிப்பு வரல, மிகையா இருக்கு"

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கேமராவைப் பார்த்ததும் உறைந்துபோகிறவர்கள். அவர்கள் கையில் வேலையைக் கொடுங்கள். கேழ்வரகு புடைக்கட்டும், சைக்கிள் செயின் மாட்டட்டும், வெங்காயம் உரிக்கட்டும். வசனத்தை எழுத்துக்கு எழுத்து சொல்லவைக்காதீர்கள். சொல்ல வேண்டிய சங்கதியைச் சொல்லிவிட்டு அவர்கள் பேச்சில் பேசவிடுங்கள். பென்னாகரத்துக்காரர் வாயில் டிவி சீரியல் தமிழைத் திணித்தால் அவர் மட்டும் என்ன செய்வார்?

இன்னொன்று, நடிக்கத் தெரிந்தவர்களின் மிகை. அரூர் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்து ஒரு கூத்துக் கலைஞரை அப்பா வேடத்துக்கு அழைத்து வந்தார்கள். பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர். விடிய விடிய நடக்கிற ஆட்டத்தில், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் கோபம் தெரிய வேண்டும் என்று 30 வருடம் பழகிய முகம். அதை 3 அடியில் வைத்து எடுத்தால் திரை கிழியாமல் என்ன செய்யும்? அவரைக் குறை சொன்னார்கள். நான் ரஷ் (வெட்டாமல் எடுத்தபடியே இருக்கிற காட்சிகள்) முழுவதையும் பார்த்தேன். ஒரு டேக்கில் "கட்" சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் யாரோ கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அந்த 4 விநாடியை எடுத்து, மகன் பெட்டியோடு வாசலைத் தாண்டுகிற ஷாட்டுக்குப் பின்னால் வைத்தேன். படத்திலேயே கனமான இடம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் உட்பட.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சுமார் 100 வருடங்களுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்கிற இயக்குநர் ஒரே முகத்தின் ஷாட்டை ஒரு கிண்ணம் சூப்புக்கும், சவப்பெட்டியில் கிடக்கிற குழந்தைக்கும், ஒரு பெண்ணுக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பசி, துக்கம், ஆசை என்று மூன்று நடிப்பைப் பார்த்ததாக ஜனங்கள் பாராட்டினார்கள் என்பது சினிமாப் பாடத்தின் பால பாடம். ஆகவே நடிகரைப் பிழிவதற்கு முன் அவர் எதைப் பார்க்கிறார் என்கிற ஷாட் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எட்டுப் படத்தில் அந்த ஷாட் எடுக்கப்பட்டே இருக்காது. கூத்துக்காரர்களை வைத்து எடுக்கிறவர்கள் கேமராவைப் பின்னால் கொண்டுபோய் முழு உடம்பையும் எடுங்கள். அவர்கள் தோளும் நடையும் பேசும்.

"படம் லேக் ஆகுது"

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது. பையன் போனை வைக்கிறான். சட்டை மாட்டுகிறான். சாவி எடுக்கிறான். பைக்கை உதைக்கிறான். ரோடு. சிக்னல். ஆஸ்பத்திரி கேட். ஸ்டாண்டு போடுகிறான். படி. வராந்தா. கட்டில். மொத்தம் 50 விநாடி, அப்பா இருக்கிறாரா போய்விட்டாரா என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

ஒவ்வொரு காட்சியிலும் முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் தூக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. மேலே சொன்ன காட்சியை இப்படி ஒட்டினோம்: போனைக் காதில் வைத்திருக்கிற முகம்; அந்த முகத்தின் மேலேயே ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம் ஒன்றரை விநாடி முன்கூட்டி நுழைகிறது, இரும்புக் கட்டிலை இழுக்கிற கிறீச்; கட் செய்தால் காலியான கட்டில். 50 விநாடி 9 விநாடியானது. பைக் ஷாட்டுக்காகப் பெட்ரோல் போட்டவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேகமாக வெட்டினால் லேக் போய்விடும் என்பதும் பிரமை. புது விவரம் இல்லாத ஷாட்டை அரை விநாடியாக்கினாலும் அது புது விவரம் இல்லாத ஷாட்டுதான். அதேபோல ஆர்ஆர் (பின்னணி இசை) போட்டு மூடப் பார்க்காதீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை வயலின் அழுதால் எங்கே அழ வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒகேனக்கல் ஷாட் சூப்பரா இருக்கு, ஆனா படத்தோட சேரல"

எங்கள் மாவட்டத்து வியாதி. அருவி இருக்கிறது, பரிசல் இருக்கிறது, போனோம், எடுத்தோம். கதையில் அந்த அருவிக்கு என்ன வேலை என்று கேட்டால் "எஸ்டாபிளிஷ்மென்ட்ணா" என்பார்கள், கதை நடக்கிற இடத்தைக் காட்டுகிற ஷாட்டாம்.

முதலில் கைவேலை. சாரலில் லென்ஸ் மேல் துளி உட்காரும், சின்னத் திரையில் தெரியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் உலர்ந்த துணி. அருவிக்குப் பக்கத்தில் வசனத்தை லைவாக எடுக்க முயலாதீர்கள். அருவிச் சத்தத்தைத் தனியாக, பக்கத்திலும் தூரத்திலுமாக இரண்டு முறை பதிவு செய்துகொண்டு, வசனத்தைச் சத்தமில்லாத இடத்தில் அதே நடிகரை அதே மாதிரி கத்திப் பேசவைத்து எடுங்கள். மெல்லப் பேசிய குரலை அருவிமேல் ஒட்டினால் பொய் தெரிந்துவிடும். பரிசலில் கேமரா வைப்பவர் உட்கார்ந்து, அகல லென்ஸில் எடுக்க வேண்டும். ஜூம் போட்டால் ஆட்டம் பெருகும். காட்டுப் பகுதிக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இனி கதைவேலை. இதற்கு நான் பிள்ளைகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே நடுகற்களை வைத்திருக்கிறார்கள். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். கல் செதுக்கியவனுக்குக் கிடைத்தது ஒரே ஃபிரேம், அதுவும் சில அடி உயரம். அவன் மலையைச் செதுக்கவில்லை, ஆற்றைச் செதுக்கவில்லை. வீரன், கையில் ஆயுதம், உடம்பில் தைத்த அம்பு, சில கற்களில் காலடியில் ஒரு மாடு. எதற்காகப் போனான், என்ன ஆனான், இரண்டும் வந்துவிட்டது. அடுக்கு வைத்த நடுகற்களும் உண்டு: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிப் போகிறார்கள், மேலே தெய்வத்தின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறான். மூன்று ஷாட்டில் ஒரு வாழ்க்கை. நடுவில் பைக் எடுக்கிற ஷாட் கிடையாது.

உங்கள் காட்சியை இப்படி மூன்று கட்டமாக நோட்டில் வரையுங்கள். தீக்குச்சி மனிதர்கள் போதும். அருவி எந்தக் கட்டத்துக்குள்ளும் வராவிட்டால் அதைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வருகிறதென்றால் எப்படி வருகிறது என்று யோசியுங்கள். ஒரு மாணவி பரிசல் ஓட்டுபவரின் மகளைப் பற்றி எடுத்தார். அருவியையே காட்டவில்லை. வீட்டுக்குள் காட்சி முழுக்க அந்த இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், திண்ணையில் பரிசல் கவிழ்த்துக் கிடக்கும், அம்மா பேசும்போதெல்லாம் கொஞ்சம் உரக்கவே பேசுவார். அது ஒகேனக்கல்.

"ஆடியோ போகப் போக வாயோட விலகுது"

தொடக்கத்தில் சரியாக இருந்து பத்தாவது நிமிடத்தில் விலகினால், போன் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்திருக்கிறது. எடிட்டில் போடுவதற்கு முன்பே ஃபுட்டேஜை நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். முடிந்தது.

"கார்டு காலியா இருக்குண்ணா"

எனக்கே நடந்தது. காரிமங்கலத்தில் ஒரு முகூர்த்தம், இரண்டு கார்டு, லேப்டாப்பில் ஏற்றியாயிற்று என்று நினைத்து ஃபார்மட் கொடுத்தேன். ஏற்றியது வரவேற்பு மட்டும். தாலி கட்டியது போச்சு. அன்றைக்கு மேற்கொண்டு எதையும் அந்தக் கார்டில் பதியாமல் நிறுத்தியதால் மீட்பு மென்பொருளில் முக்கால்வாசி திரும்பி வந்தது. மீதிக்காகப் பெண்ணின் சித்தப்பா போனில் எடுத்ததை வாங்கி ஒட்டினேன், பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் நகல் இருந்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கார்டைத் தொடுவதில்லை. எடுத்து முடித்த கார்டில் ஒரு துண்டு சிவப்பு டேப்.

"நாளைக்கு சப்மிஷன், பேட்ச் எடுக்க நேரம் இல்ல"

பேட்ச் என்றால் விட்டுப்போன ஷாட்டை மறுபடி போய் எடுப்பது. அதற்கு நேரம் இல்லையென்றால் வேலையின் வரிசை மாறும். முதலில் சத்தம். வசனம் புரியாத இடங்களில் சப்டைட்டில் போட்டு ஒப்பேற்றாமல், அந்த நடிகருக்கு இப்போதே போன் செய்து, அவரை மெத்தை, துணிமணி உள்ள அறையில் ஒரு போர்வைக்குள் உட்கார்ந்து அந்த வரிகளை மட்டும் தன் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். வந்ததை அவர் முதுகு தெரிகிற சஜஷன் ஷாட்டிலோ, கேட்கிறவர் முகத்தின் மேலோ போடுங்கள், உதடு பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது, எந்த ஷாட்டைப் பார்த்தாலும் உங்களுக்கே வெட்கமாக இருக்கிறதோ அதைத் தூக்குங்கள். 12 நிமிடப் படம் 8 நிமிடமானால் யாரும் புகார் சொல்லப்போவதில்லை. கலரைக் கடைசியில், நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். எட்டு மணிக்குள் வந்துவிட்டால் நல்லது. ஒன்பது மணிக்குக் கீழ்க்கடையில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், டீ கிடைக்காது.